கதிரையை விட்டு எழுவோம்

ஹில்ஸ்பரோவில் உள்ள எமது வீட்டின் நடைவழியில், சென்ற மாரிகாலத்தில் ஒருநாள் எனது தாயார் வழுக்கி விழுந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. மணிக்கட்டில் சிறிது வீக்கமும் முழங்காலில் உராய்வும் மாத்திரமே. ஆனால் அன்றிலிருந்து அவரைப் பயம் பிடித்துக்கொண்டது. அவரை விட எங்களை அது கூடுதலாகப் பிடித்துக்கொண்டது. "அம்மா, நீங்கள் எழும்பாதேங்கோ. என்ன வேணுமெண்டு சொல்லுங்கோ, எடுத்துத் தாறம்" என்பதே வீட்டில் எல்லோருடைய பேச்சுமாயிற்று. தேநீர் கதிரைக்கு வந்தது. சாப்பாடும் கதிரைக்கு வந்தது. இவ்வாறு மூன்று மாதங்கள் கழிந்தன. பெற்ற தாயை நன்றாகத் தாங்குகிறோம் என்ற மனநிறைவுடன் நாமும் இருந்தோம்.

அதன்பின் குடும்ப வைத்தியரின் ஏற்பாட்டில், பயிற்சிகளின் மூலம் உடலை இயங்கச் செய்யும் இயன்மருத்துவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து எழுந்து நிற்குமாறு அம்மாவிடம் கூறினார். அம்மா மூன்று தடவை முயன்றார், முடியவில்லை. அந்தப் பெண்மணி என் பக்கம் திரும்பி, "விழுந்ததனால் இவருடைய கால்கள் பலவீனமடையவில்லை. மூன்று மாதம் இந்தக் கதிரையில் இருந்ததனால்தான் பலவீனமடைந்துள்ளன" என்றார்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. எங்கள் அன்பே அம்மாவை முடமாக்கிக்கொண்டிருந்தது. எம்மவர் வீடுகள் பலவற்றிலும் இதே தவறு நடந்துகொண்டிருக்கும் என்ற எண்ணமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஊரில் உடற்பயிற்சி செய்தோமா?

இக்கேள்விக்குப் பெரும்பாலோர் இல்லையென்றே விடை கூறுவர். ஆனால் எண்ணிப் பாருங்கள். கிணற்றில் நீர் அள்ளினோம், முற்றம் கூட்டினோம், உரலில் இடித்தோம், அம்மியில் அரைத்தோம். தேங்காய் துருவுவதற்கும் மீன் வெட்டுவதற்கும் நாளொன்றுக்குப் பத்துத் தடவையாவது நிலத்தில் இருந்து எழும்பினோம். எரிபொருளுக்குத் தடை விதிக்கப்பட்டிருந்த தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்தில் வைத்தியரும் பேராசிரியரும்கூடச் சைக்கிளிலேயே சென்றனர். சிறுவர்கள் இருட்டும்வரை கிளித்தட்டு மறித்தனர். இவற்றில் எதற்கும் உடற்பயிற்சி என்ற பெயர் இருக்கவில்லை.

இங்கு குழாயைத் திருப்பினால் வெந்நீர் வருகிறது. வாசலில் கார் நிற்கிறது. மாரியில் மாலை ஐந்தரை மணிக்கே இருண்டு விடுகிறது. இந்நாட்டு வாழ்க்கை எம்மிடம் உடலுழைப்பைக் கேட்பதில்லை. ஆகவே உடலுக்கு வேண்டிய உழைப்பை நாமே தேடிக் கொடுக்கவேண்டியுள்ளது.

இருந்து கொண்டே வாழ்வது எவ்வளவு தீமையானது என்பதை முதன்முதலில் தெளிவாக எடுத்துக் காட்டியவர் இலண்டனைச் சேர்ந்த வைத்தியர் ஜெரி மொறிஸ். அந்நகரத்தின் இரட்டைத்தட்டு பஸ்களில் பணியாற்றியவர்களை அவர் ஆராய்ந்தார். சாரதி நாள் முழுவதும் இருக்கையில் இருந்தார். கொண்டக்டரோ நாள் முழுவதும் படிகளில் ஏறி இறங்கினார். இருவருக்கும் ஒரே பஸ், ஒரே நகரம். ஆயினும் இதயநோய் சாரதிகளையே கூடுதலாகத் தாக்கியது. இம்முடிவு 1953ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

ஒக்லண்ட் உலகுக்குக் கற்பித்த பாடம்

நாம் வந்து குடியேறிய இந்த நகரம் இவ்விடயத்தில் உலகுக்கே வழிகாட்டியது என்பதை எம்மில் பலர் அறியார். ஹில்ஸ்பரோவுக்கு அண்மையிலுள்ள ஓவைராக்காவில் வாழ்ந்தவர் ஆர்தர் லிடியார்ட். 1917இல் பிறந்து 2004இல் மறைந்த இவர், சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். இளம் வயதிலேயே தமது உடல் தளர்ந்திருப்பதை உணர்ந்து, தம்மையே சோதனைப் பொருளாக வைத்து நெடுந்தூர ஓட்டப் பயிற்சிமுறை ஒன்றை உருவாக்கினார். அவர் பயிற்றுவித்த பீற்றர் ஸ்னெல் 800 மீற்றரிலும் மறே ஹல்பேர்க் 5000 மீற்றரிலும், 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கப் பதக்கம் பெற்றனர். பாரி மகீ மரதனில் வெண்கலம் பெற்றார். இவர்களுள் ஹல்பேர்க் இளமையில் றகர் விளையாட்டில் காயமுற்று இடது கையின் செயற்பாட்டை இழந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆயினும் லிடியார்ட் செய்த பெருங்காரியம் பதக்கங்களன்று என்பதே எனது எண்ணம். நடுவயதைக் கடந்தவர்களையும், மாரடைப்பு வந்து தேறியவர்களையும்கூட அவர் மெதுவாக ஓட வைத்தார். மாரடைப்பு வந்தவர் படுக்கையிலேயே இருக்கவேண்டும் என்று கருதப்பட்ட காலம் அது. 1962இல் ஒக்லண்டில் மெதுவோட்டக் கழகம் ஒன்று தோன்றியது. அக்கோடையில் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்திலிருந்து பில் பவர்மன் என்னும் ஓட்டப் பயிற்றுநர் இங்கு வந்து அவர்களுடன் ஓடினார். ஐம்பது வயதைத் தாண்டியிருந்த அவரால், எழுபது வயதைக் கடந்த இதயநோயாளி ஒருவருக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. வெட்கமுற்றுத் திரும்பிய பவர்மன், இதயநோய் வைத்தியர் ஒருவருடன் சேர்ந்து 1967இல் மெதுவோட்டம் பற்றி எழுதிய நூலே அமெரிக்கர்களை வீதியில் ஓடச் செய்தது.

லிடியார்ட் வற்புறுத்தியது ஒன்றே: பயிற்சி செய், வருத்திக்கொள்ளாதே. அருகில் வருபவருடன் பேசிக்கொண்டே செல்லக்கூடிய வேகம்தான் சரியான வேகம். நடப்பவருக்கும் இதே அளவுகோல் பொருந்தும்.

முதுமையும் வீழ்ச்சியும்

வயது ஏற ஏறத் தசை குறைகிறது, சமநிலை தளர்கிறது. இது இயற்கை. ஆனால் அசையாதிருப்பவர்க்கு இது பன்மடங்கு விரைவாக நிகழ்கிறது. விழுந்தவர் பயத்தினால் அசையாதிருக்கிறார். அசையாதிருப்பதால் கால்கள் மெலிகின்றன. கால்கள் மெலிந்ததால் மீண்டும் விழுகிறார். எனது தாயார் இச்சுழற்சியின் வாயிலிலேயே இருந்தார்.

இதிலிருந்து வெளிவர முடியும் என்பதற்குச் சான்று இந்நாட்டிலேயே உண்டு. டனீடின் நகரில் ஒட்டாகோ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜோன் காம்பெல் தலைமையிலான குழுவினர், 80 வயதும் அதற்கு மேலுமான 233 பெண்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினரின் வீடுகளுக்கு முதல் இரண்டு மாதங்களில் இயன்மருத்துவர் நான்கு தடவை சென்று, கால்களை வலுவாக்கும் பயிற்சிகளையும் சமநிலைப் பயிற்சிகளையும் பழக்கினார். மற்றப் பிரிவினருக்குப் பயிற்சி அளிக்கப்படவில்லை. ஓர் ஆண்டின் முடிவில், பயிற்சி பெறாதவர்களிடையே 152 வீழ்ச்சிகளும் பயிற்சி பெற்றவர்களிடையே 88 வீழ்ச்சிகளும் பதிவாகியிருந்தன. 1997இல் வெளியான இந்த ஆய்வின் பயிற்சித் திட்டம் ஒட்டாகோவின் பெயராலேயே இன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது.

"இந்த வயதில் இனி என்ன பலம் வரப்போகிறது?" என்று கேட்போர்க்கு இன்னொரு செய்தி. 1990இல் அமெரிக்காவின் பொஸ்டனில், பராமரிப்பு இல்லத்தில் வசித்த, சுமார் 90 வயதுடைய பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் பாரம் தூக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. அதனை முடித்தவர்களின் கால்வலு சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. தசைக்கு வயது தெரியாது; வேலை கொடுத்தால் அது வளரும்.

பிள்ளைகளும் எனது குற்றமும்

இங்கு நான் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். ஊரில் ஆசிரியராக இருந்த காலத்தில், சாதாரணதரப் பரீட்சை நெருங்கும்போது உடற்பயிற்சிப் பாடவேளைகளைக் கேட்டு வாங்கி வரலாறு படிப்பித்தவன் நான். மைதானத்துக்குப் போக ஆயத்தமாக நின்ற பிள்ளைகளைத் திருப்பி வாங்கிலில் இருத்தினேன். அதை அக்கறை என்று நினைத்தேன். பெற்றோரும் பாராட்டினர்.

இத்தனைக்கும் எங்கள் மண்ணுக்குப் பெருமை தேடித் தந்தவர்களுள் ஒரு விளையாட்டு வீரரும் உண்டு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1958இல் ரோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் தங்கம் வென்று, இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைத் தேடிக் கொடுத்தார். அவரே பின்னர் உயர்கல்வி கற்றுக் கலாநிதிப் பட்டமும் பெற்றார். விளையாட்டுப் படிப்பைக் கெடுக்கும் என்பதற்கு அவர் வாழ்க்கையே மறுப்பு.

ஐந்து முதல் பதினேழு வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது, மூச்சு வாங்குமளவுக்கு ஓடியாட வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. எலும்பு உறுதியாவது வளரும் வயதிலேயாகும். அப்போது பாய்ந்தும் ஓடியும் சேமித்த எலும்பைத்தான் முதுமையில் செலவு செய்கிறோம். நல்ல நித்திரையும் மனத்தெளிவும் படிப்பில் கவனமும் ஓடியாடும் பிள்ளைக்கே கூடுதலாக வாய்க்கின்றன. எமது பிள்ளைகளோ பாடசாலை முடிந்ததும் ரியூசனுக்குச் செல்கின்றனர். அது முடிந்ததும் கைத்தொலைபேசி. வெளியே போக வேண்டாம் என்று தடுப்பதும் நாமே. போரின்போது எமது வெளியெங்கும் அச்சம் இருந்தது. அந்த அச்சத்தை ஒக்லண்டின் பூங்காவுக்கும் கொண்டுவர வேண்டியதில்லை.

எம்மைத் தொடரும் நீரிழிவு

தெற்காசியராகிய எமக்கு நீரிழிவு, ஏனையோரைவிட இளம் வயதிலேயே, அதிக பருமனில்லாத உடலிலும் வந்துவிடுகிறது. தசை இயங்கும்போது இரத்தத்திலுள்ள சீனியைத் தானே உள்ளிழுத்துக்கொள்கிறது. இதனாலேயே நடை ஒரு மருந்தாகிறது. சென்னையில் வைத்தியர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடைபெற்று 2006இல் வெளியான ஆய்வில், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர் கலந்துகொண்டனர். வழமைபோல் வாழ்ந்தவர்களில் நூற்றுக்கு 55 பேர் மூன்று ஆண்டுகளில் நீரிழிவாளர்களாயினர். உணவைத் திருத்தி, நாளாந்தம் நடந்தவர்களில் அத்தொகை 39ஆகக் குறைந்தது. நியூசிலாந்தில் 1998ஆம் ஆண்டு தொடக்கம், மாத்திரைக்குப் பதிலாக உடற்பயிற்சியை எழுதிக் கொடுக்கும் 'பச்சை மருந்துச்சீட்டு' முறையும் உண்டு. உங்கள் குடும்ப வைத்தியரிடம் அதுபற்றிக் கேட்பதில் தவறில்லை.

எங்கே, எப்படித் தொடங்குவது?

பணம் தேவையில்லை. ஹில்ஸ்பரோவின் மொன்ரி சிசிலியா பூங்காவில் பெருமரங்களின் கீழே நடக்கலாம். அயலிலுள்ள மவுண்ட் றொஸ்கில் குன்று, அதாவது புக்கேத்தாபாப்பா, 110 மீற்றர் உயரமே. பேரப்பிள்ளைகளுடன் ஆறுதலாக ஏறலாம். சேலைக்குக் கீழே சப்பாத்து அணிவதில் வெட்கமில்லை. செருப்புடன் ஈரப் புல்லில் வழுக்கி விழுவதே வருத்தத்துக்குரியது.

மழை நாளில் வீட்டுக்குள் செய்யக்கூடியவை இவை. கைப்பிடியில் ஊன்றாமல் கதிரையிலிருந்து பத்துத் தடவை எழுந்து இருத்தல்; முதலில் முடியாவிடின் ஒரு கையை ஊன்றலாம். குசினி மேசையைப் பிடித்தவாறு குதிகளை உயர்த்தி மெதுவாக இறக்குதல். ஒரு பாதத்தின் குதிக்குப் பின்னால் மறு பாதத்தின் விரல்கள் தொடுமாறு வைத்துப் பத்து நொடி நிற்றல். மேசையைப் பிடித்தபடி பக்கவாட்டில் நடத்தல். இவற்றைக் கிழமையில் மூன்று நாள் செய்தல் வேண்டும். அத்துடன் கிழமையில் மொத்தமாக 150 நிமிட நடை, அதாவது ஐந்து நாட்களுக்கு அரை மணி நேரம் வீதம், முதியோருக்கும் ஏற்றதே. முடியாதோர் ஐந்து நிமிடத்தில் தொடங்கலாம்.

எச்சரிக்கையும் அவசியம். இதயநோய் உள்ளவர்களும் இன்சுலின் எடுப்பவர்களும் வைத்தியரிடம் கேட்டபின்பே தொடங்குதல் வேண்டும். நீரிழிவாளர்கள் நடந்து வந்ததும் பாதங்களில் புண் உண்டோ எனப் பார்க்கவேண்டும். நெஞ்சில் இறுக்கமோ வலியோ தோன்றின் உடனே நிறுத்தி, 111 என்ற இலக்கத்தை அழைக்கத் தயங்கவேண்டாம்.

முல்லைத்தீவு தந்த விடை

முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார், 2023இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடைபெற்ற மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில், தமது 72ஆவது வயதில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் வென்றார். போர் மிதித்துச் சென்ற மாவட்டத்திலிருந்து சென்றவர் அவர். வயதும் வறுமையும் இழப்பும் நாம் எழாதிருப்பதற்குக் காரணமாகா என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமோ?

எனது தாயார் பதக்கம் எதுவும் பெறவில்லை. பயிற்சியின் முதல் நாளில், "தம்பி, கிணத்திலை தண்ணி அள்ளினவளுக்குக் கதிரையிலை இருந்து எழும்பப் பழக்கிறாங்களோ?" என்று கோபித்தார். பன்னிரண்டாவது கிழமையில் கைகளைக் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து நின்றார். இப்பொழுது காலையில் தமது தேநீரைத் தாமே ஊற்றுகிறார். சில நாட்களில் எனக்கும் சேர்த்து ஊற்றுகிறார். நான் கதிரையிலிருந்து எழுந்து சென்று அதை வாங்கிக்கொள்கிறேன்.