கண்ணாடி போட்டும் பிடிபடாத எழுத்து

நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்துக் கிளினிக் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கவுண்டரில் பாரத்தை நீட்டியதும் ஐம்பது வயது அப்பா சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறார். "கண்ணாடிய மறந்துட்டேம்மா, நீங்களே எழுதிடுங்க." அவரிடம் கண்ணாடியே கிடையாது.

மகன் ஆண்டு 3 படிக்கிறான். வாய்க்கணக்கில் கெட்டி. கழன்ற சைக்கிள் செயினை நொடியில் மாட்டிவிடுவான். ஆனால் 'கொடி' எழுதச் சொன்னால் 'கெடி' என்று எழுதுகிறான். கண் கோளாறாக இருக்குமோ என்று அம்மா அவனுக்குக் கண்ணாடி வாங்கிப் போட்டாயிற்று. 'கெடி' மாறவில்லை.

கோளாறு கண்ணில் இல்லை

இது டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். அது உள்ள பிள்ளைக்குப் பெரும்பாலும் சொல்லை ஒலிகளாகப் பிரிப்பதும், ஒலியை எழுத்தோடு இணைப்பதும் சிரமம். தமிழில் 'கொ'வில் வரும் 'ஒ' ஓர் ஒலி. அதன் குறியோ முன்னால் கொம்பும் பின்னால் காலுமாகப் பிரிந்து நிற்கிறது. ல, ள, ழ குழப்பம் வேறு. இதற்கு மேல் மலாய், ஆங்கிலம். தொடக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் தவறுவார்கள். மற்றவர்கள் தாண்டிப் போன பிறகும் தவறு நீடித்தால் கவனிக்க வேண்டும்.

இது அறிவுக் குறைவு அல்ல. 1896இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் வாசிக்க முடியாத 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். பாடமெல்லாம் வாய்மொழியாக இருந்தால் பள்ளியிலேயே அவன்தான் கெட்டிக்காரன் என்பது அவனுடைய ஆசிரியரின் கணிப்பு.

திங்கட்கிழமை வயிற்றுவலி

ஞாயிறு இரவு நன்றாக இருந்த பிள்ளைக்குத் திங்கள் காலை வயிறு வலிக்கும். பொய் அல்ல; பயம் வலியாகவே வரும். உரக்க வாசிக்கும் முறை நெருங்கும்போது சிலர் கழிப்பறைக்குப் போகக் கேட்பார்கள், சிலர் கோமாளித்தனம் செய்வார்கள். 'முட்டாள்' என்பதைவிடச் 'சேட்டைக்காரன்' என்ற பெயர் அவர்களுக்குத் தேவலை.

வீட்டில் அக்காவின் தேர்ச்சி அறிக்கையோடு ஒப்பீடு நடக்கும். "நான் கவனிக்கல" என்று அம்மா மருகுவார். அப்பாதான் அதிகம் கத்துவார்: "நீயும் என்னைப் போலக் கஷ்டப்படப் போறியா?"

அப்பாவின் பழைய காயம்

அந்தக் கேள்வியில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. டிஸ்லெக்சியா குடும்ப வழியில் தொடர்வதுண்டு. பால்மரக் காலத்தில் எழுத்து வராதவனுக்கும் உளி பிடித்தால் பிழைப்பு இருந்தது. 'படிப்பு ஏறல' என்ற இரண்டு சொல்லோடு கதை முடிந்தது. நீலாய், சிரம்பான் தொழிற்சாலைகளிலோ வேலை விண்ணப்பமே வாசிப்பில்தான் தொடங்குகிறது. மகனின் நோட்டில் அப்பா பார்ப்பது தன் பழைய நோட்டை. கோபமாக வெளிவருவது அந்த வெட்கம்தான்.

எங்கே தொடங்குவது?

முதலில் வகுப்பாசிரியரிடமும் குறைநீக்கல் ஆசிரியரிடமும் பேசுங்கள். பிறகு அரசாங்கக் கிளினிக். தேவைப்பட்டால் அங்கிருந்து மருத்துவமனை நிபுணரிடம் அனுப்புவார்கள். மலேசியாவில் டிஸ்லெக்சியா 'கற்றல் பிரச்சினை' பிரிவில் சேரும். மருத்துவர் உறுதி செய்தால் சமூக நல இலாகாவில் ஓகேயூ (மாற்றுத்திறனாளர்) அட்டைக்குப் பதியலாம். அட்டை என்றதும் 'ஊனம்னு முத்திரை விழுமே' என்று தயங்காதீர்கள். சிறப்புக் கல்விக்கும், தேர்வில் கூடுதல் நேரம் கேட்பதற்கும் இந்தப் பதிவு உதவும்.

இதற்கு மருந்தில்லை; ஆனால் ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைக்கும் பயிற்சி உண்டு. வீட்டிலும் தினம் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். சேர்ந்து வாசியுங்கள், மணலில் எழுதவிடுங்கள். 'மக்கு', 'சோம்பேறி' இரண்டையும் வீட்டை விட்டு அனுப்பிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அப்பா செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை அதே கவுண்டரில், மகன் பக்கத்தில் நிற்கும்போது, பையைத் தடவாமல் சொல்லலாம்: "எனக்கு எழுத வராதும்மா. கொஞ்சம் எழுதிக் கொடுங்க."