மாரடைப்பு வேஷம் போடும் குழாய்! தெரியுமா?

ஈசிஜி சரியாக இருக்கிறது. ரத்தப் பரிசோதனையிலும் குறையில்லை. ஆஞ்சியோ செய்து பார்த்தால் ரத்தக்குழாயில் அடைப்பே கிடையாது. ஆனாலும் அந்த மனிதருக்கு நடுநெஞ்சைப் பிடித்து முறுக்குகிற வலி! தாடைக்குப் போகிறது, முதுகுக்குப் போகிறது, சிலருக்குக் கைக்கும் இறங்குகிறது. வியர்த்துக் கொட்டுகிறது. இதயம் நிரபராதி என்றால் குற்றவாளி யார்? சில சமயம் இதயத்துக்கு நேர் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும் உணவுக்குழாய்!

எவ்வளவு ஒட்டி என்று தெரியுமா? இதயத்தின் பின்பக்கத்தைத் துல்லியமாகப் பார்க்க வேண்டுமென்றால், மருத்துவர்கள் எக்கோ கருவியை வாய் வழியே உணவுக்குழாய்க்குள்தான் இறக்குகிறார்கள். அங்கிருந்து பார்த்தால் இதயத்தின் இடது மேலறை கைக்கெட்டும் தூரம். இரண்டின் வலிநரம்புகளும் தண்டுவடத்தில் ஏறத்தாழ ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன. மூளைக்கு வருவது ‘நெஞ்சு வலிக்கிறது’ என்ற செய்தி மட்டுமே. அனுப்பியது யார் என்று அதனால் பிரித்தறிய முடிவதில்லை.

குழாய் தாறுமாறாக இறுகி இப்படி வலி தரும் கோளாறுக்கு உணவுக்குழாய் இசிவு என்று பெயர். ஆனால் இசிவைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இசிவில்லாத குழாய் செய்யும் அற்புதத்தை முதலில் பார்க்க வேண்டும். நாம் ஒரு நாளைக்குச் சுமார் 600 முறை விழுங்குகிறோம். பெரும்பாலும் வெறும் எச்சில்! ஒவ்வொரு முறையும் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தசைகள் வேலை செய்கின்றன. கவளம் தொண்டையைத் தாண்டியதும் 25 சென்டிமீட்டர் நீளக் குழாய் அதை மேலிருந்து கீழாகப் பிழிந்து இறக்குகிறது. மாட்டு மடியில் பால் கறப்பவரின் விரல்களைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் மேல்விரல்கள் மடங்கும், பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது. அதே வரிசைதான் இங்கேயும். அத்தனை விரல்களும் ஒரே நேரத்தில் இறுகினால் பால் வராது, மாட்டுக்கு வலிதான் மிஞ்சும். உணவுக்குழாய் இசிவில் நடப்பது அதுவே.

தலைகீழாக நின்றுகொண்டு சாப்பிட்டாலும் சோறு வயிற்றுக்குத்தான் போய்ச் சேரும் என்பது தெரியுமா? விண்வெளியில் மிதப்பவர்கள் சாப்பிடுவது இந்தத் தசை அலையின் தயவில்தான்.

இன்னொன்று கேளுங்கள். சொம்பை உயர்த்தி, அண்ணாந்து மடமடவென்று தண்ணீர் குடிக்கிறோமே, அப்போது குழாயில் என்ன நடக்கிறது? ஒவ்வொரு மடக்குக்கும் ஓர் அலையா? கிடையவே கிடையாது! அடுத்த மடக்கு வரும்போது முந்தைய மடக்கின் அலை அடக்கப்பட்டுவிடுகிறது. கடைசி மடக்கு முடிந்த பிறகு ஒரே ஓர் அலை வந்து மிச்சம் மீதியைத் துடைத்துக்கொண்டு போகிறது. 1880-களிலேயே பலூன் வைத்த குழாய்களை மனிதத் தொண்டைக்குள் இறக்கி இதைக் கண்டுபிடித்தவர்கள் குரோனெக்கர், மெல்ட்ஸர் என்ற உடலியல் ஆய்வாளர்கள். ஆக, இந்தக் குழாய்க்குச் சுருங்கத் தெரிந்திருப்பதை விட, சுருங்காமல் காத்திருக்கத் தெரிந்திருப்பதுதான் பெரிய வித்தை.

அப்படிக் காத்திருக்கச் சொல்வது யார்? நைட்ரிக் ஆக்சைடு! ஆமாம், வாகனப் புகையிலும் இருக்கிற அதே வாயு! குழாயின் சுவரிலுள்ள நரம்புகள் அதைத் துளித் துளியாக வெளியிட்டு, கீழ்ப்பகுதித் தசையை ‘இன்னும் கொஞ்சம் பொறு’ என்று அடக்கி வைக்கின்றன. அந்த அடக்கம் குறைந்தால் கீழ்ப்பகுதி அவசரப்படுகிறது. இதற்குக் கிடைத்த சான்று விசித்திரமானது. 1990-களில், செயற்கையாகத் தயாரித்த ஹீமோகுளோபினை ஆரோக்கியமான தன்னார்வலர்களின் ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் நைட்ரிக் ஆக்சைடை உறிஞ்சிவிடும். விளைவு? நன்றாக இருந்தவர்களின் உணவுக்குழாய்களில் இசிவு போன்ற சுருக்கங்கள் தோன்றின!

இங்கேதான் ஆல்ஃபிரட் நோபல் கதைக்குள் வருகிறார். டைனமைட்டுக்குள் அவர் அடைத்த நைட்ரோகிளிசரின் உடம்புக்குள் போனால் நைட்ரிக் ஆக்சைடாக வேலை செய்கிறது. நெஞ்சுவலிக்காக அதையே அவருக்கு மருந்தாக எழுதிக் கொடுத்தார்கள், இறுதிக் காலத்தில்! 1896 டிசம்பரில் அவர் இறந்தார். நூற்றாண்டு கழித்து, 1998-இல், நைட்ரிக் ஆக்சைடின் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு அவர் பெயரிலான பரிசே போய்ச் சேர்ந்தது.

அதே 1896 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டனில் இன்னொரு வேடிக்கை. எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்பட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஹார்வர்டு மருத்துவ மாணவர் வால்டர் கேனன், ஒரு வாத்தைக் கழுத்து நிமிர நிறுத்தி, பிஸ்மத் கலந்த உணவை விழுங்க வைத்து, அது நீண்ட கழுத்துக்குள் இறங்குவதை எக்ஸ்-கதிரில் பார்த்தார். இன்று நம் ஊர் ஸ்கேன் மையங்களில் பேரியம் குடிக்கச் சொல்லிப் படம் எடுக்கிறார்களே, அதன் கொள்ளுத்தாத்தா இந்த வாத்துதான். அந்தப் பேரியம் படத்தில் இசிவுள்ள குழாய் சில சமயம் எப்படித் தெரியும் தெரியுமா? ஒயின் புட்டியின் தக்கையைத் திருகி எடுக்கும் கம்பிச்சுருள் போல! அல்லது கோத்த மணிமாலை போல! ஆனால் படம் எடுக்கிற நேரத்தில் இசிவு வராவிட்டால் எதுவும் தெரியாமலே போகலாம்.

பாஸ்டனுக்கு இந்த நோயோடு அதற்கு முன்பே உறவு உண்டு. திடீர் நெஞ்சுவலியும் விழுங்கத் தடையும் சேர்ந்து வந்த நோயாளிகளை 1889-இல் அங்குதான் ஹாமில்டன் ஆஸ்குட் என்ற மருத்துவர் விவரித்து எழுதினார்.

இப்போது கையில் இருக்கும் ஆயுதம் மனோமெட்ரி. வரிசையாக உணரிகள் பதித்த மெல்லிய குழாயை மூக்கு வழியே இறக்கி, ஐந்து மில்லி தண்ணீரைப் பத்து முறை விழுங்கச் சொல்கிறார்கள். கணினித் திரையில் அழுத்தம் வண்ண வண்ணமாக விரிகிறது. விழுங்கத் தொடங்கியதிலிருந்து 4.5 வினாடிக்குள் கீழ்ப்பகுதி இறுகிவிட்டால் அது அவசரச் சுருக்கம். பத்தில் இரண்டு விழுங்கலாவது அப்படி இருந்து, நோயாளிக்கு உரிய தொந்தரவும் இருந்தால், இசிவு! நேரம் தவறாமல், ஆனால் அளவுக்கு மீறிய ஆவேசத்தோடு இறுகும் குழாய்களும் உண்டு. 1979-இல் இந்த வகைக்கு மருத்துவர்கள் வைத்த பெயர் ‘பாக்குவெட்டி’ என்று சொல்லத்தக்க நட்கிராக்கர். அதனினும் முரட்டு வகைக்கு இப்போது வைத்திருக்கும் பெயர் ஜாக்ஹேமர், அதாவது சாலையை உடைக்கும் இயந்திரம்!

சரி, இனி வியப்பைக் கொஞ்சம் ஓரம் வைத்துவிட்டு ஒரு விஷயம். நெஞ்சைப் பிடித்தவுடன் நம் வீடுகளில் எழும் முதல் குரல், “கேஸா இருக்கும், ஒரு சோடா குடிங்க.” இதைவிட ஆபத்தான வைத்தியம் எனக்குத் தெரிந்து இல்லை. மாரடைப்பாக இருந்தால் பொன்னான நேரம் போகிறது. இசிவாகவே இருந்தாலும் சில்லென்ற பானம் அதைத் தூண்டிவிடக்கூடும்! நாக்குக்கு அடியில் வைத்த நைட்ரோகிளிசரின் மாத்திரையில் வலி குறைந்தது, ஆகவே இதயவலிதான், அல்லது குறையவில்லை, ஆகவே இதயம் இல்லை என்று கணக்குப் போடவும் முடியாது. நைட்ரோகிளிசரின் இரண்டு வலியையும் தணிக்கவல்லது. புதிதாக வரும் நெஞ்சுவலி எதுவானாலும் முதலில் இதயத்தைப் பார்த்தாக வேண்டும். ஆம்புலன்ஸுக்குத் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. ஏற்கெனவே இசிவு என்று சொல்லப்பட்டவருக்கும் இது பொருந்தும். இசிவு இருப்பவருக்கு மாரடைப்பு வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இதயம் இல்லை என்று உறுதியான பிறகும் உடனே இசிவு என்ற முடிவுக்கு வர வேண்டாம். அந்த வகை நெஞ்சுவலிக்கு மிகப் பெரிய காரணம் அமிலம் மேலேறி வருவது. இசிவு அபூர்வம். அதனால்தான் மருத்துவர் முதலில் எண்டோஸ்கோபி பார்த்து, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைச் சில வாரம் கொடுத்துப் பார்க்கிறார். பலருக்கு அதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மார்ஃபின், ஆக்ஸிகோடோன் போன்ற வலிநிவாரணிகளை நெடுநாள் எடுப்பவர்களுக்கு அவையே இசிவை உண்டாக்கலாம். எனவே என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

வெந்நீருக்கு இங்கே வேலை இருக்கிறது, தெரியுமா? குழாயின் கீழ்வாயில் சரியாகத் திறக்காத அகலேசியா என்ற சகோதர நோய் உள்ளவர்களிடம் சீனாவில் பார்த்ததில், வெந்நீர் குழாயின் கீழ்வாயில் இறுக்கத்தைக் குறைத்தது, குளிர்நீர் கூட்டியது. நம் பாட்டிமார் கேட்டால் சிரிப்பார்கள்! அதற்காகக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்க வேண்டாம். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-இல் எச்சரித்திருக்கிறது. தொண்டைக்கு இதமான சூடு போதும்.

பெப்பர்மின்ட்டும் பட்டியலில் உண்டு. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில் பெப்பர்மின்ட் எண்ணெய் கலந்த தண்ணீர் குழாயின் தாறுமாறான சுருக்கங்களை ஒழுங்குபடுத்தியது. ஆனால் அதில் இருந்தவர்கள் எட்டே பேர். நெஞ்செரிச்சல் இருப்பவருக்கு அது எரிச்சலைக் கூட்டவும் செய்யும். ஆகவே ஆரவாரம் வேண்டாம்.

மருந்துக் கடையில் இருப்பவை? ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் டில்டியாசெம் இங்கே தசையைத் தளர்த்த வருகிறது. மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலின், மிகக் குறைந்த அளவில், வலியை உணரும் நரம்புகளைச் சாந்தப்படுத்த வருகிறது. அதை எழுதிக் கொடுத்தால் ‘எனக்கு மனநோய் என்கிறாரா’ என்று கோபப்படாதீர்கள்! சுருக்கங்களைத் தளர்த்த சில்டெனாஃபிலைக்கூடச் சோதித்திருக்கிறார்கள். ஆனால் அதையும் நைட்ரோகிளிசரினையும் சேர்த்து எடுத்தால் ரத்த அழுத்தம் உயிர்போகும் அளவுக்குச் சரியலாம். முகச்சுருக்கத்துக்குப் போடும் போட்டாக்ஸ் ஊசியைக் குழாய்க்குள்ளும் போடுகிறார்கள். நிவாரணம் சில மாதங்களுக்கு.

எதற்கும் அடங்காத குழாய்க்கு ஜப்பானிய மருத்துவர் ஹருஹிரோ இனோவே ஒரு வழி கண்டார். 2008-இல் முதலில் அகலேசியாவுக்காகச் செய்தது. எண்டோஸ்கோபியை வாய் வழியே விட்டு, குழாயின் உள்தோலுக்கும் தசைக்கும் நடுவே சுரங்கம் தோண்டி, இறுகும் தசையை மட்டும் அறுத்துவிடுவது! வெளியே ஒரு கீறல் கிடையாது. இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1674-இல் எழுதி வைத்ததைப் பார்த்தால் தலை சுற்றும். சாப்பாடு இறங்காத ஒருவருக்குத் திமிங்கலத்தின் வாய்த்தகட்டில் செய்த கோலின் நுனியில் கடற்பஞ்சு கட்டிக் கொடுத்தார். அவர் ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டை அதனால் குத்தி இறக்கி, பதினைந்து ஆண்டு வாழ்ந்தார்!

மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: வலி எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, முன்னால் சாப்பிட்டது சூடா சில்லென்றா, படி ஏறும்போது வந்ததா சும்மா இருக்கும்போதா. எடை குறைந்தாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ, நேற்றுவரை இறங்கிய சோறு இன்று சிக்கினாலோ, எண்டோஸ்கோபியை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.