கையெழுத்து உங்களுடையது

வெளிநாட்டு எம்.பி.ஏ. விண்ணப்பத்தின் முடிவில் ஓர் உறுதிமொழி இருக்கும்: கொடுத்த விவரங்கள் உண்மை, கட்டுரைகள் என் சொந்த எழுத்து என்று. அதில் கையெழுத்துப் போடுவது மாணவர். விண்ணப்பத்துக்கு உதவக் கட்டணம் வாங்கிய ஆலோசகரின் பெயர் அங்கே வராது. பொய் பிடிபட்டால் கிடைத்த இடம் போகும். படித்து முடித்த பின் தெரிந்தால் பட்டமே பறிபோகலாம்.

பிடிபடும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. அமெரிக்காவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஸ்மீல் வணிகப் பள்ளி 2010-இல் காப்பியடித்த கட்டுரைகளுக்காக 29 பேரை நிராகரித்தது. காப்பியைக் கண்டுபிடிக்கும் டர்னிட்டின் மென்பொருள்தான் காட்டிக்கொடுத்தது. 2012-இல் லாஸ் ஏஞ்சலிஸின் ஆண்டர்சன் பள்ளியும் இதே காரணத்துக்காகப் பல விண்ணப்பங்களைத் தள்ளியது. ஒரே ஆலோசகர் ஒரே வார்ப்பில் பலருக்கு எழுதித் தரும்போது மாட்டிக்கொள்வது எளிது. இடம் கொடுத்த பிறகும் பல பள்ளிகள் வேலை, சம்பளம், பரிந்துரை எழுதியவர் என எல்லாவற்றையும் வெளி நிறுவனங்கள் மூலம் விசாரிக்கின்றன.

நல்ல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். கேள்வி கேட்டு உங்களை யோசிக்க வைப்பார்கள், எந்தப் பள்ளி பொருந்தும் என்பார்கள், எழுதியதில் எது புரியவில்லை என்று சுட்டுவார்கள். அதற்குக் காசு கொடுப்பதில் தவறே இல்லை. "கட்டுரையை நாங்களே எழுதிவிடுகிறோம், பரிந்துரைக் கடிதமும் தயார் செய்கிறோம், மேனேஜர் பெயரில் ஒரு மெயில் ஐடி போதும்" என்கிறவரிடம் மட்டும் உடனே எழுந்து வந்துவிடுங்கள். பரிந்துரைக் கடிதம், எழுதியவரே நேராகப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியது. விண்ணப்பக் கணக்கின் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் உங்களிடமே இருக்கட்டும். 'சப்மிட்' பொத்தானை நீங்களே அழுத்துங்கள்.

"ஃபீஸே வேண்டாம்" என்பவரிடம், "எந்தக் கல்லூரி உங்களுக்குக் கமிஷன் தருகிறது?" என்று கேளுங்கள். கமிஷன் வாங்குபவர், உங்களுக்குப் பொருத்தமான கல்லூரியை விட்டுத் தனக்குப் பணம் தரும் கல்லூரியை முன்னே வைக்கக்கூடும்.

பணம் கட்டும் முன் எத்தனை பள்ளிகள், எத்தனை முறை திருத்தம், உங்களோடு உட்காரப்போவது யார், பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ரசீது வாங்குங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். நாளை அதுவே சாட்சி.

ஏமாற்றப்பட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தீரவில்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நிறுவனம் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நீங்கள் கட்டியது 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைப்பது கட்டாயமில்லை. புகார் கொடுக்க இரண்டு ஆண்டுகள்தான் கெடு; அதைத் தவறவிடாதீர்கள். "அட்மிஷன் 100 சதவீதம் உறுதி" போன்ற பொய் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும். சான்றிதழையே போலியாகச் செய்திருந்தால் போலீஸில் புகார் கொடுங்கள்.

உங்களுக்குத் தெரியாமல் பொய்யான விவரம் ஏற்கெனவே போய்விட்டதா? ஆலோசகரோடு சண்டை பிறகு ஆகட்டும். பள்ளியின் சேர்க்கை அலுவலகத்துக்கு இன்றே உங்கள் சொந்த மின்னஞ்சலில் எழுதி, எது தவறு, சரியானது எது என்று சொல்லி, விண்ணப்பத்தைத் திருத்தவோ திரும்பப் பெறவோ கேளுங்கள்.