கடன் கொடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அப்பாவின் கடையில் உட்கார்ந்தவன். இப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கடைக்கு வரத் தொடங்கியிருக்கும் என் மகன், "யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது?" என்று அடிக்கடி கேட்கிறான். அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

ஆள் நல்லவரா என்று எல்லோரும் விசாரிப்போம். அது பாதி விசாரணைதான். அவர் கடைக்கு வரும் பணம் யார் கையிலிருந்து, எந்தத் தேதியில் வருகிறது என்பதே மீதிப் பாதி.

இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றேன். 1980களில் திருவொற்றியூர் பக்கம் ஏழு சில்லறைக் கடைகளுக்குக் கடனில் சரக்கு போட்டேன். ஏழு பேரும் நாணயமானவர்கள். ஏழு இடத்தில் பணம் பிரிந்து கிடப்பதால் பயமில்லை என்று நினைத்தேன். அப்பா மட்டும், "ஏழு கடையா, ஒரே கடையா என்று பார்த்துக்கொள்" என்றார். எனக்கு அது விளங்கவில்லை.

அங்கிருந்த ஆலை ஒன்றில் கதவடைப்பு வந்தது. அப்போதுதான் விளங்கியது. ஏழு கடைகளிலும் மாதக் கணக்கு வைத்திருந்தவர்கள் அந்த ஓர் ஆலைத் தொழிலாளர்களே. சம்பளம் நின்றது; ஏழு கடையிலும் வசூல் நின்றது. எனக்கு 40,000 ரூபாய்க்கு மேல் நிலுவை.

அந்தக் கோபத்தில் ஒரு தவறு செய்தேன். ஒரு கடை வாசலில் என் ஆளை மூன்று நாள் நிற்க வைத்தேன். தெரு பார்த்தது. நான்காம் நாள் அவர் கடையைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். போகும்போது தம் கடன் நோட்டை என்னிடம் கொடுத்தனுப்பினார். அவர் எனக்குத் தர வேண்டியதைப் போல இரண்டு மடங்கு அவருக்கு வர வேண்டியிருந்தது. முதல் நாளே அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்திருந்தால், தவணை கொடுத்திருப்பேன். என் பணமும் வந்திருக்கும். ஒரு கடையும் பிழைத்திருக்கும். அந்த நோட்டு இன்றும் என் பீரோவில் இருக்கிறது.

அதன் பிறகு ஒவ்வொரு கடைக்கும் அதன் பணம் வரும் நாளைப் பேரேட்டில் எழுதி வைத்தேன். ஆலைச் சம்பளம் 7 அல்லது 10ஆம் தேதி. துறைமுகச் சுமை வேலை என்றால் அன்றாடக் கூலி. காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் அங்குள்ள கடைக்காரரை நெருக்கினால் பணம் வராது, பகைதான் வரும். தவணையைத் தடைக்குப் பின் வைத்தால் இருவருக்கும் நிம்மதி.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கடலோரக் கடைக்காரர்கள் இருவருக்குச் சரக்கு நனைந்து போனது. இருவரும் எனக்குப் பாக்கி. ஒருவர் மறுநாளே வந்து, "அண்ணாச்சி, கையில் காசில்லை, முகத்தைக் காட்டிவிட்டுப் போக வந்தேன்" என்றார். அவருக்கு மேலும் இரண்டு மூட்டை அரிசி கொடுத்தேன். பதினான்கு மாதத்தில் பைசா பாக்கியில்லாமல் தீர்த்தார். இன்னொருவர் வரவேயில்லை, அது வராக்கடன் ஆயிற்று. காசில்லாத நாளில் கண்ணெதிரே வந்து நிற்பவரை நம்பலாம் என்பது அன்று கற்றது.

நம்பிக்கை இருந்தாலும் எழுத்து வேண்டும். தவணை முடிந்து 3 ஆண்டுகள் கடந்தால், சரக்குப் பாக்கிக்கு வழக்குப் போடும் உரிமை போய்விடும். அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் எழுத்தில் கையெழுத்திட்டால் அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள் கிடைக்கும். ஆகவே ஆண்டுதோறும் நிலுவைச் சீட்டில் கையெழுத்து வாங்குங்கள். ஜி.எஸ்.டி.யிலும், பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் பணம் தராத வியாபாரி, தாம் எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். இதைக் கடைக்காரருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அவருக்கும் அது நன்மையே.

இன்று இரவு கடை சாத்துமுன் உங்கள் பேரேட்டைத் திறந்து பாருங்கள். அதில் எத்தனை பெயர் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். அத்தனை பெயருக்கும் பின்னால் எத்தனை சம்பளம் இருக்கிறது என்று எண்ணுங்கள்.