ஆறு நிமிட நடை

எக்கோ ரிப்போர்ட்டில் இதயத்தின் பம்பிங் 30 சதவீதம் என்று வந்த அன்றைக்கே அம்மாவின் கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்து போட்டோம். தண்ணீர் டம்ளர் கைக்கே போனது. துவைத்த துணியை மடிக்கக்கூட விடவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகள் வரிசையாக இருந்தன. நடப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்றே மாதத்தில் தொடை சூம்பிப் போயிற்று. பாத்ரூம் போய் வந்தாலே மூச்சு வாங்கியது. இதயம் இன்னும் மோசமாகிவிட்டது என்று பயந்து, இன்னும் அழுத்திப் படுக்கவைத்தோம்.

அந்தக் காலத்து மருத்துவமும் இதையேதான் செய்தது. மாரடைப்பு வந்தவர் வாரக்கணக்கில் படுத்தே கிடக்க வேண்டும். 1952இல் பாஸ்டனின் சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லோனும், நோயாளியை நாற்காலியில் உட்காரவைக்கலாம் என்று எழுதினார்கள். அதுவே அப்போது பெரிய துணிச்சல். இதயம் வீங்கித் தளர்ந்தவர்களுக்கோ அந்த நாற்காலிகூட எளிதில் கிடைக்கவில்லை. 1960களில் நியூ ஆர்லியன்ஸில் ஜார்ஜ் பர்ச் அவர்களை மாதக்கணக்கில் படுக்கையில் வைத்து வைத்தியம் பார்த்தார். சிலருக்கு இதயத்தின் வீக்கம் குறையவும் செய்தது. அதனால் அந்த நம்பிக்கை எளிதில் விட்டுப் போகவில்லை.

1990இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆண்ட்ரூ கோட்ஸ் குழுவினர் அப்படி இதயம் தளர்ந்த 11 நோயாளிகளை வீட்டிலேயே சைக்கிள் மிதிக்கவைத்தார்கள். எட்டு வாரத்தில் அவர்களால் முன்பைவிட அதிக நேரம் மிதிக்க முடிந்தது, மூச்சிரைப்பும் தணிந்தது. நோய் இதயத்தோடு நிற்பதில்லை என்பது மெல்லப் புரிந்தது. காலின் தசையும் சுருங்குகிறது, வருகிற ஆக்ஸிஜனைச் சரியாகப் பயன்படுத்த முடியாமல் சீக்கிரமே களைத்துவிடுகிறது. பயிற்சியால் அந்தத் தசை தேறுகிறது. அம்மாவின் தொடையை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. ஓய்வு என்ற பெயரில் அதைக் கரைத்தவர்கள் நாங்கள்.

இந்தப் பயிற்சியைப் பற்றிய பெரிய ஆய்வு 2009இல் வெளிவந்தது: அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் நாடுகளில் 2,331 பேர். மருத்துவமனையில் 36 முறை மேற்பார்வையில் பயிற்சி, பிறகு வீட்டில். சாவையும் மருத்துவமனைச் சேர்க்கையையும் பயிற்சி பெரிதாகக் குறைத்துவிட்டது என்று சொல்ல முடியவில்லை. ஆனால் ஆபத்தில்லை என்பது உறுதியானது, அன்றாட வாழ்க்கையும் ஓரளவு மேம்பட்டது. எனக்கு அந்த 'ஓரளவு' சிறியதல்ல. தானே எழுந்து குளிக்க முடிவது அதற்குள்தானே வருகிறது!

இப்போது அம்மாவையும் பயிற்சிக்கு அழைத்துப் போகிறோம். பிசியோதெரபி அறைக்கு வெளியே 30 மீட்டர் வராந்தா. இரு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்பு. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்று கணக்கெடுக்கிறார்கள். பிறகு சைக்கிள். "பேச முடியணும்மா, பாட முடியக் கூடாது. அதுதான் அளவு" என்கிறார் பிசியோதெரபிஸ்ட். வருகிற ஒவ்வொரு நாளும் முதலில் எடை பார்க்கிறார்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறியிருந்தாலோ, கால் வீங்கியிருந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினாலோ அன்று பயிற்சி கிடையாது, நேராக டாக்டரிடம்தான்.

முதல் நாள் 210 மீட்டர், நடுவில் இரண்டு முறை நின்றாள். மூன்றாம் மாதம் 265, நிற்கவில்லை. கட்டில் இன்னும் கூடத்தில்தான் கிடக்கிறது. கொடியிலிருந்து எடுத்த துணிகளை அதில் கொட்டி, அம்மா மடித்துக்கொண்டிருக்கிறாள்.