கல்கத்தாவில் விழுந்த ஓட்டு, கொலம்பியாவில் கேட்ட பாடம்

1946 ஜூலை. ஈடன் கார்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் சட்டமன்றக் கட்டடத்தில், வங்காள எம்.எல்.ஏ.க்கள் அரசியல் நிர்ணய சபைக்குத் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். வென்றவர்களில் வங்காளி அல்லாத ஒருவரும் இருந்தார். டாக்டர் பி.ஆர்.அம்பேத்கர்!

அவருடைய ஷெட்யூல்டு வகுப்பினர் கூட்டமைப்பு அந்த ஆண்டு மாகாணத் தேர்தல்களில் படுதோல்வி அடைந்திருந்தது. சொந்த மாகாணமான பம்பாயிலிருந்து சபைக்குப் போக வழியில்லை. கைகொடுத்தவர் பாரிசால்காரரான ஜோகேந்திரநாத் மண்டல். வங்காளச் சட்டமன்றத்தில் அந்தக் கட்சிக்கு இருந்த ஒரே உறுப்பினர் அவர்தான். கட்சி பேதம் பார்க்காமல் மற்ற ஒடுக்கப்பட்ட வகுப்பு எம்.எல்.ஏ.க்களிடம் பேசி ஓட்டுகளைத் திரட்டினார். அந்த ஓட்டுகளும் திடீரென முளைத்தவை அல்ல. கிழக்கு வங்காளத்து ஒடுக்கப்பட்ட மக்களிடையே ஹரிசந்த் தாகூர் தொடங்கிய மதுவா என்னும் சமய, சமூக இயக்கம், அவர் மகன் குருசந்த் ஊர் ஊராகத் திறக்கவைத்த பள்ளிக்கூடங்கள், 1911 சென்சஸில் ‘சண்டாளர்’ என்ற பெயரை நீக்கி ‘நாமசூத்திரர்’ என்று பதியவைத்த போராட்டம் என்று இரண்டு தலைமுறை உழைப்பு அவற்றின் பின்னால் இருந்தது.

அந்த ஓட்டுகள் அரசியல் நிர்ணய சபைக்குள் கொண்டுபோனது ஒரு மனிதரை மட்டுமல்ல, ஒரு தத்துவத்தையும்தான்.

1913-இல் பரோடா மன்னர் சாயாஜிராவின் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போன அம்பேத்கர், அங்கே ஜான் டூயியின் வகுப்புகளில் அமர்ந்தார். பயன்வழிவாதம் எனப்படும் பிராக்மாட்டிசத்தின் பெரிய ஆசான் டூயி. ஒரு கருத்து சரியா என்பதை அதன் அழகை வைத்து முடிவு செய்யாதே, வாழ்க்கையில் அது என்ன விளைவைத் தருகிறது என்று சோதித்துப் பார் என்பது இந்த மரபின் அடிப்படை. அதை டூயி அரசியலுக்குக் கொண்டுவந்தார். ஜனநாயகம் என்பது ஓட்டுப்பெட்டியோடு முடிவதில்லை, மனிதர்கள் அனுபவங்களைப் பகிர்ந்துகொண்டு சேர்ந்து வாழும் முறையே ஜனநாயகம் என்றார். இதை விளக்கும் அவரது ‘ஜனநாயகமும் கல்வியும்’ 1916-இல் வெளிவந்தது.

கல்கத்தாவுக்குத் தாராளவாதம் புதிதல்ல. ராம்மோகன் ராயின் பிரம்ம சமாஜம், மில், கோம்ட் போன்ற ஐரோப்பியச் சிந்தனையாளர்களைக் கரைத்துக் குடித்த பட்டதாரிகள் என்று அதன் பரம்பரை நீளம். பிராக்மாட்டிசத்தோடும் இந்த ஊருக்குப் பழைய அறிமுகம் உண்டு, ஆனால் அது உரசலோடு வந்த அறிமுகம். இந்த மரபில் டூயிக்கு முன்னோடியான வில்லியம் ஜேம்ஸ் 1907-இல் வெளியிட்ட ‘பிராக்மாட்டிசம்’ நூலில், ‘எல்லாம் ஒன்றே’ என்னும் கொள்கைக்கு உச்ச உதாரணமாகக் கல்கத்தாவின் விவேகானந்தரை நிறுத்தி, அந்தக் கொள்கையிலிருந்து விலகி நின்றார். பத்ரலோக் எனப்படும் படித்த மேல்சாதி வர்க்கத்தின் தாராளவாதம் தனிமனித சுதந்திரம் பற்றி நிறையப் பேசியது. சேரிக்காரன் எந்தக் குளத்தில் தண்ணீர் எடுக்கலாம் என்ற கேள்வி அதற்கு அவ்வளவு அவசரமாகப் படவில்லை.

அம்பேத்கருக்கு அதுதான் முதல் கேள்வி. லாகூர் மாநாட்டுக்காக எழுதி, மாநாடு ரத்தானதால் 1936-இல் தானே அச்சிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையில், டூயியைத் தன் ஆசிரியர் என்று நன்றியோடு குறிப்பிடுகிறார். சேர்ந்து வாழ்வதே ஜனநாயகம் என்றால், மனிதர்களைத் தனித்தனி அறைகளில் பூட்டும் சாதி ஜனநாயகத்துக்கே எதிரி. டூயி அமெரிக்கர்களுக்குச் சொன்னதை அம்பேத்கர் இந்தியாவின் நெற்றிப்பொட்டில் வைத்தார். பெரியாரின் ‘குடி அரசு’ அந்த உரையைத் தமிழுக்குக் கொண்டுவந்தது.

குருவை அவர் அப்படியே பின்பற்றினார் என்று சொல்ல முடியாது. கல்வியும் உரையாடலும் சமூகத்தை மெல்ல மாற்றும் என்று டூயி நம்பினார். அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டும் என்றார் சீடர்.

1947-இல் பிரிவினை வந்தது. அம்பேத்கரை அனுப்பிய வங்காளத்தின் பெரும்பகுதி பாகிஸ்தானுக்குப் போக, அவரது இடமும் போயிற்று. அதற்குள் சபையில் அவர் எவ்வளவு தேவைப்படுகிறார் என்பது காங்கிரஸுக்குப் புரிந்திருந்தது. எம்.ஆர்.ஜெயகர் விட்டுப்போன பம்பாய் இடத்தில் அவரைக் கொண்டுவரும்படி சபைத் தலைவர் ராஜேந்திர பிரசாதே கடிதம் எழுதினார். ஆகஸ்ட் 29-இல் அரசியல் சாசன வரைவுக் குழு அமைந்தது, அம்பேத்கர் அதன் தலைவரானார்.

எழுதிய சாசனத்துக்குச் சோதனை சென்னையிலிருந்து வந்தது. கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாண அரசாணையை, செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951-இல் செல்லாது என்றது. சாதி பார்த்து இடம் மறுக்காதே என்ற விதி ஏட்டில் பிசகில்லாதது. விளைவு? பின்தங்கிய வகுப்புப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவு மீண்டும் குறுகியது. தமிழ்நாடு கொந்தளித்தது. சில மாதங்களில் சாசனத்தின் முதல் திருத்தம், பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடுகளை அனுமதிக்கும் 15(4) பிரிவைச் சேர்த்தது, சட்ட அமைச்சர் அம்பேத்கர் நாடாளுமன்றத்தில் அதை ஆதரித்து வாதாடினார். இதற்கும் டூயிதான் காரணம் என்றால் மிகை. ஆனால் விளைவைப் பார்த்து விதியைத் திருத்துவது டூயி வகுப்பின் பாடமேதான்.

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் படித்த அமர்த்தியா சென் 1984-இல் அதே கொலம்பியாவில் டூயி நினைவாக நடக்கும் சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். குறையே இல்லாத நீதியைக் கற்பனை செய்வதைவிட, கண்முன் இருக்கும் அநீதியைக் குறைப்பதே முக்கியம் என்று 2009-இல் வந்த ‘நீதி பற்றிய கருத்து’ நூலில் அவர் வாதிடுவதும் இந்தத் தடத்தில்தான்.

அமர்த்தியா சென்னைக் கொண்டாடும் கல்கத்தா, மண்டலை அந்த அளவுக்கு நினைப்பதில்லை. பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சரான அவர், அங்கே இந்துச் சிறுபான்மையினர் தாக்கப்படுவதைக் கண்டித்து 1950 அக்டோபரில் ராஜினாமா செய்துவிட்டுக் கல்கத்தா திரும்பினார். 1968-இல் இறக்கும்வரை மேற்கு வங்காளத்தில் அவர் ஒரு தேர்தலில்கூட ஜெயிக்கவில்லை.