காற்றடங்கிய நாளில் வரும் அலை

கோடை விடுமுறையில் கேரளக் கடற்கரைகளுக்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். கோவளமும் வர்க்கலாவும் அவர்களது பயணத் திட்டத்தில் பெரும்பாலும் இடம்பெற்றுவிடும். தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதத் தொடக்கத்தை ஒட்டியே கேரளத்தை எட்டும் என்பதால், ஏப்ரலிலும் மே மாதத்தின் பெரும்பகுதியிலும் அங்கே வானம் தெளிந்திருக்கும் நாள்கள் பல. காலை வேளையில் காற்று மிக மெல்லியது. கடல் நீலத் துணி விரித்தாற்போல் கிடக்கும். நீச்சலுக்கும், அலைச்சறுக்குப் பலகையில் முதன்முறை ஏறிப் பார்க்க விரும்புவோருக்கும் இது உகந்த பருவம் என்று சுற்றுலாக் கையேடுகள் கூறுவதில் தவறில்லை.

ஆயினும், இதே அமைதியான பருவத்தில் பொங்கும் கடலைக் குறிப்பதற்கென்றே கேரள மீனவர்கள் ஒரு சொல்லைக் காலங்காலமாக வழங்கி வருகின்றனர். கள்ளக்கடல் என்பதே அச்சொல். கள்ளனைப் போல் சொல்லாமல் வரும் கடல் என்பது அதன் பொருள். புயல் இல்லை, மழை இல்லை, உள்ளூரில் காற்றும் இல்லை. ஆனால் கடல் மட்டும் பொங்கிக் கரையேறும். 2012-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இச்சொல்லை அறிவியல் பயன்பாட்டுக்குரிய சொல்லாக ஏற்றுக்கொண்டது. வானத்தை மட்டும் பார்த்துக் கடலை எடைபோடக் கூடாது என்ற பாடம் இச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

அலை எங்கிருந்து வருகிறது?

கடலில் நாம் காணும் அலைகளை இருவகையாகப் பிரிக்கலாம். முதல்வகை, அருகிலேயே வீசும் காற்றினால் எழுபவை. காற்று பலத்தால் இவை வளரும். காற்று ஓய்ந்தால் தணியும். ஒன்றை அடுத்து ஒன்றாக 5 அல்லது 6 வினாடிக்கு ஒருமுறை கரையைத் தொடும். இரண்டாம் வகை, தொலைதூரக் கடலில் பெருங்காற்றினால் பிறந்து, பிறந்த இடத்தைவிட்டு நெடுந்தூரம் பயணம் செய்து வருபவை. ஆங்கிலத்தில் ஸ்வெல் என்று வழங்கும் இவற்றை நெட்டலை என்று குறிப்பிடலாம். இவற்றுக்கு நம் கரையில் வீசும் காற்றோடு எந்தத் தொடர்பும் இல்லை.

திருவனந்தபுரத்திலிருந்து நேர்தெற்கே நோக்கினால் அண்டார்க்டிகா வரையில் பெருநிலப்பரப்பு ஏதும் குறுக்கிடுவதில்லை. தெற்கு அட்சரேகை 40 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையிலான பெருங்கடலில் ஆண்டு முழுவதும் பலத்த மேலைக்காற்று வீசுகிறது. நமக்குக் கோடை முற்றும் வேளையில் அங்கே குளிர்காலம் நெருங்குவதால் புயல்களும் வலுக்கின்றன. அங்கே எழும் நெட்டலைகளே வடக்கு நோக்கிப் பயணித்து, நம் நாட்டின் தென்மேற்குக் கரையை வந்தடைகின்றன.

இப்பயணத்தின் கணக்கு சுவையானது. அடுத்தடுத்த இரண்டு அலைமுகடுகள் ஒரே இடத்தைக் கடக்க ஆகும் நேரத்தை அலை இடைவெளி என்பர். இடைவெளி 18 வினாடியாக உள்ள அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்னேறும். சுமார் 6,000 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க அதற்கு ஏறத்தாழ 5 நாள்கள் போதும். இடைவெளி 12 வினாடியாக இருப்பின் அதே தொலைவைக் கடக்க 7 நாள்களுக்கும் மேலாகும். எனவே இடைவெளி நீண்ட அலைகளே முதலில் வந்து சேரும். திங்கட்கிழமையன்று தென்கோடியில் வீசிய புயலின் விளைவை, அந்த வார இறுதியில் கோவளத்தில் குளிக்கச் செல்பவர் சந்திக்கிறார். இடையில் பல நாள்கள் இருப்பதால்தான் இதனை முன்கூட்டியே கணித்து அறிவிக்கவும் இயலுகிறது.

உயரம் குறைவு, வலிமை மிகுதி

முன்னறிவிப்பில் அலை உயரம் ஒரு மீட்டர் என்று கண்டதும், இடுப்பளவு அலைதானே என்று பலரும் எண்ணிவிடுகின்றனர். ஆனால் அலை சுமந்துவரும் ஆற்றல் உயரத்தை மட்டும் பொறுத்ததன்று, இடைவெளியையும் பொறுத்தது. ஒரே உயரமுள்ள இரு அலைகளில், இடைவெளி 18 வினாடியாக உள்ள அலை, 6 வினாடி அலையைவிட ஏறத்தாழ மும்மடங்கு ஆற்றலைக் கரைக்குக் கொண்டு சேர்க்கிறது.

நீளத்திலும் இவ்வேறுபாடு உண்டு. ஆழ்கடலில் 6 வினாடி அலையின் நீளம் சுமார் 56 மீட்டர். 18 வினாடி அலையின் நீளமோ சுமார் 500 மீட்டர். இவ்வளவு நீண்ட அலை, கடலின் ஆழம் 250 மீட்டராக இருக்கும் இடத்திலேயே தரையை உணரத் தொடங்கிவிடும். ஆழம் மேலும் குறையக் குறைய அதன் வேகம் தளரும். பின்னிருந்து வரும் நீர் முன்னுள்ளதோடு நெருங்கும். அலை உயர்ந்து எழும். உடைந்த பின்னரும் அந்த நீர் மணற்சரிவில் நெடுந்தூரம் ஏறும். குறுகிய அலைகள் தொடாத மேட்டையும் அது தொடும். கரையில் விரித்த பாயையும், மணலில் விளையாடும் குழந்தையையும் அது எட்டுவது இவ்வாறுதான்.

2024-ஆம் ஆண்டு மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. அன்று திருவனந்தபுரம், கொல்லம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களில் கரையோரக் குடியிருப்புகளுக்குள் கடல்நீர் புகுந்தது. ஐந்து வாரங்களுக்குப் பின், மே மாதத் தொடக்கத்தில், கேரளத்துக்கும் தென்தமிழகக் கரைக்கும் மீண்டும் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அந்நாள்களில்தான், மே 6 அன்று, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகேயுள்ள லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். அன்று அந்தப் பகுதியில் புயல் ஏதும் இல்லை.

முன்னறிவிப்பை எங்கே, எப்படிப் பார்ப்பது?

ஹைதராபாத்தில் இயங்கும் இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின்கீழ் உள்ள நிறுவனம். 2020 முதல் நெட்டலைப் பெருக்குக்கெனத் தனி முன்னறிவிப்பு முறையை அது நடத்தி வருகிறது. அதன் இணையதளத்திலும், சமுத்ரா என்னும் கைப்பேசிச் செயலியிலும் தகவல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கேரளத்தில் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் இந்த எச்சரிக்கைகளை உடனுக்குடன் வெளியிடுகிறது.

கடற்கரை முன்னறிவிப்பில் கவனிக்க வேண்டியவை ஐந்து: அலை உயரம், அலை இடைவெளி, அலை வரும் திசை, காற்று, ஓதம். இவற்றுள் இடைவெளியைத்தான் பலர் பார்க்காமல் விட்டுவிடுகின்றனர்.

எடுத்துக்காட்டாக, காற்று ஓய்ந்த இரண்டு நாள்களை ஒப்பிடுவோம். முதல் நாளில் அலை உயரம் 1 மீட்டர், இடைவெளி 7 வினாடி. இரண்டாம் நாளிலும் உயரம் 1 மீட்டர்தான். ஆனால் இடைவெளி 17 வினாடி, திசை தெற்கு தென்மேற்கு. கரையில் நின்று முதல் பத்து நிமிடம் பார்ப்பவருக்கு இரண்டாம் நாளின் கடலே அமைதியானதாகத் தோன்றவும் கூடும். ஏனெனில் நெட்டலைகள் கூட்டங்கூட்டமாக வருபவை. ஒரு கூட்டம் கடந்தபின் அடுத்த கூட்டம் வருவதற்குள் பல நிமிடங்கள் கடல் ஓய்ந்து கிடக்கும். அந்த இடைவேளையில் நீரில் இறங்குபவர், இடுப்பளவு ஆழத்தை எட்டும்போது அடுத்த கூட்டத்தை எதிர்கொள்வார். முதல் நாள், பயிற்சியாளர் துணையுடன் கரையோரத்தில் அலைச்சறுக்குப் பழகலாம். இரண்டாம் நாள், புதியவர்கள் கரையில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

காற்றைப் பொறுத்தவரை மேற்குக் கரையில் அதிகாலையும் முற்பகலின் தொடக்கமுமே சிறந்த வேளை. இரவெல்லாம் குளிர்ந்த நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய நிலக்காற்று வீசும். அது அலையின் முகத்தைச் சிதறவிடாமல் வழவழப்பாக வைத்திருக்கும். அலைச்சறுக்கு வீரர்கள் விடியலிலேயே நீரில் இறங்குவதன் காரணம் இதுவே. வெயில் ஏறியபின் கடற்காற்று தொடங்கி, அலைகள் கலைந்து நுரைக்கும்.

தென்கேரளத்தில் ஓத ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள்ளேயே அடங்கும். ஆயினும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் உயர் ஓதமும் நெட்டலையும் ஒரே வேளையில் அமைந்தால், நீர் வழக்கத்தைவிடக் கூடுதலாக உள்ளே ஏறும். எச்சரிக்கையில் குறிக்கப்படும் நேரத்தோடு அன்றைய உயர் ஓத நேரத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

கரையில் கடைப்பிடிக்க வேண்டியவை

நீரில் இறங்கும் முன் இருபது நிமிடமாவது கடலைக் கவனியுங்கள். குறைந்தது ஓர் அலைக்கூட்டமேனும் வந்து உடைவதைப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். நனைந்த மணலின் மேல்விளிம்பு எங்குள்ளது என்று பாருங்கள். முன்னர் வந்த பெரிய அலை எட்டிய இடம் அது. குழந்தைகளும் முதியோரும் அதற்கு மேலேயே இருக்கட்டும்.

இருபுறமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் ஓரிடம் மட்டும் அலையின்றி அமைதியாகத் தெரிந்தால், அங்கே இறங்காதீர்கள். கரையில் குவிந்த நீர் கடலுக்குத் திரும்பும் வழி அதுவாக இருக்கலாம். ரிப் கரண்ட் எனப்படும் இந்த இழுவை நீரோட்டம் பாறைமுனைகளை ஒட்டியும் அமைவதுண்டு. அதன் வேகம் சில வேளைகளில் வினாடிக்கு 2 மீட்டர் வரை எட்டும். நன்கு நீந்தத் தெரிந்தவராலும் அதனை எதிர்த்து முன்னேற இயலாது. அதில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடிக் களைத்துவிடக் கூடாது. உடலை மிதக்கவிட்டு, கையை உயர்த்தி உதவி கோர வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நீரோட்டத்தைவிட்டு விலகியபின் அலைகளின் துணையோடு கரைசேர வேண்டும். இந்நீரோட்டம் ஆளைக் கடலுக்குள் இழுக்குமேயன்றி நீருக்கு அடியில் இழுப்பதில்லை என்பதை நினைவில் வைத்தால் பதற்றம் குறையும்.

ஒருவர் நீரில் தத்தளிப்பதைக் கண்டு, பயிற்சியில்லாத உறவினர்கள் ஒருவர்பின் ஒருவராக இறங்குவது பல இடங்களில் உயிரிழப்பைப் பெருக்கியிருக்கிறது. மிதக்கக்கூடிய ஏதேனும் ஒன்றை அவரை நோக்கி எறியுங்கள்; உயிர்காப்பாளரை அழையுங்கள்; 112 என்ற எண்ணுக்குத் தகவல் கொடுங்கள். உயிர்காப்பாளர் பணியில் உள்ள பகுதியில் மட்டும் குளிப்பதும், சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதிருப்பதும் விடுமுறையின் மகிழ்ச்சியை எவ்வகையிலும் குறைத்துவிடாது.

நம் வாடிக்கையாளர்கள் பயணத்துக்குமுன் சரிபார்த்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரையுள்ள சேமிப்புக் கணக்குதாரர்கள் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டணத்தில் சேரலாம். விபத்தில் இறப்பு நேரின் 2 லட்சம் ரூபாய் நியமனதாரருக்கு வழங்கப்படும். நீரில் மூழ்குதல் போன்ற விபத்துகளில் காவல்துறைக்குத் தகவல் தரப்பட்டிருத்தல் வேண்டும். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 அன்று தொடங்கி மே 31 அன்று முடிவதால், மே மாத இறுதியில் கணக்கில் உரிய இருப்பு இருக்கிறதா, நியமனதாரர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்தக் காப்பீடும் உயிருக்கு ஈடாகாது. எச்சரிக்கை வந்த நாளில் நீரில் இறங்காதிருப்பதே முதற்காப்பு.

கடற்கரைக்குச் சென்றபின் கைப்பேசியில் இணைப்புக் கிடைக்காமற்போனாலும் ஒரு குறிப்பு கண்முன்னே இருக்கும். கள்ளக்கடல் எச்சரிக்கை வந்ததும் மீனவர்கள் தங்கள் படகுகளை மணலின் மேற்பகுதிக்கு ஏற்றிவிடுவர்; துறைமுகத்தில் நிற்பவற்றை ஒன்றோடொன்று மோதாதபடி இடைவெளிவிட்டுக் கட்டுவர். வானம் தெளிந்து, காற்று அடங்கி, கடல் அழைப்பதுபோல் தோன்றும் காலையில், படகுகள் எல்லாம் மேட்டில் ஏறி நிற்பதைக் கண்டால் அங்குள்ள ஒருவரிடம் காரணம் கேளுங்கள். அவர் விடை சொல்லும் வரை செருப்பைக் கழற்ற வேண்டாம்.